பகலவன் பொருள் பார்

அத்தியாயம் ஒன்பது

"அக்கா, அந்தாளு பூட்டு போட்டுட்டுப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. சாப்பிடப் போனானா, நாத்து நடப் போனானா?"

மகிழினி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

பயம் வந்தால் ஜாபரின் வாய் தானாக ஓடும். பத்து வருடத்துக்கு முன்னால் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ கதவை அடைத்துவிட்டார்கள். நாலரை மணி நேரம். அன்றிலிருந்து பூட்டிய இடம் என்றாலே அவனுக்கு ஆகாது. வீட்டில் குளிக்கும்போதுகூடக் கதவை ஒருக்களித்துத்தான் வைப்பான். அதற்காக மனைவி ஹஃப்சாவிடம் அவன் வாங்கும் திட்டு தனிக்கதை.

இப்போது அவனைச் சுற்றி இரும்பு ரேக்குகள். எட்டடி உயரம். வழி நெடுகப் புத்தகங்கள், பழைய தூசி. ஒரே ஒரு வாசல், அதில் இரும்புக் கம்பிக் கதவு, கதவில் பூட்டு. சன்னல்கள் இருந்தன, எல்லாவற்றிலும் கம்பி. வெளியே பார்த்தால் பக்கத்துக் கிடங்கின் சுவர். கத்திப் பார்க்கலாம் என்றால், கீழே ராயபுரம் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவன் கத்தல் அவனுக்கே கேட்காது.

கடற்கரைத் தொழிலாளர் மன்ற நூலகம் என்று கீழே போர்டு இருந்தது. பழைய கிடங்கின் மாடியில் நாற்பது வருடமாக நடக்கிறது. உள்ளே வருகிறவர்கள் பை, செல்போன் எல்லாவற்றையும் கவுன்டரில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கொடுத்துவிட்டார்கள். ஒரு மணிக்கு நூலகர் பரசுராமன் தலையை நீட்டி, "சாப்பாட்டு நேரம் மேடம். அரை மணி நேரம் பூட்டுவேன். நீங்க பாட்டுக்குத் தேடுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மணி இரண்டே கால். நாலு மணிக்குள் அவர்கள் திருவொற்றியூர் கோர்ட்டில் இருக்க வேண்டும்.

மகிழினி வியாசர்பாடிக்காரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையைப் பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டு, ராயபுரத்தில் படகு என்ஜின் உதிரிபாகக் கடையின் மாடியில் தனியாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள். ஜாபர் அவளுடைய உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவன், எல்லாம்.

இந்த வழக்கை அவர்களிடம் கொண்டுவந்தவள் வரலட்சுமி. அவள் கணவன் பகலவன் எண்ணூரில் கடல்மணி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில் வால்வு ஆபரேட்டர். ஒன்பது மாதத்துக்கு முன்னால் அங்கே அம்மோனியா கசிந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். வால்வு நன்றாகத்தான் இருந்தது, பகலவன் அதைச் சரியாக மூடாமல் தூங்கிவிட்டான் என்றது நிர்வாகம். ஏழாம் நம்பர் வால்வு பழுது என்று ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் மூன்று தடவை எழுதி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன் என்றான் பகலவன். அந்த ரிஜிஸ்டர் காணவில்லை. அவன் புழல் சிறைக்குப் போனான். வழக்கில் ஆதாரம் கொடுக்க இன்று மாலை நாலு மணிதான் கடைசி.

நிர்வாகம் அழித்துவிடும் முன் ரிஜிஸ்டரை எடுத்து ஒளித்துவைத்து, பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தவர் ஷிஃப்ட் கிளார்க் கோதண்டம். போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. பார்க்கப் போன வரலட்சுமியிடம், மருந்துச் சீட்டின் பின்னால் இடது கையால் மூன்றே வார்த்தை எழுதிக் கொடுத்தார்.

பகலவன் பொருள் பார்.

இரண்டாம் நாள் இறந்துபோனார்.

பகலவனுடைய பொருள் என்றால் சாமான்தானே? வரலட்சுமி கணவனின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள், சட்டைப் பைகளைத் துழாவினாள், செருப்பு அட்டையைக்கூடப் பிரித்தாள். சங்கதி எப்படியோ வெளியே கசிந்தது. ஒரு வாரத்தில் யாரோ அவள் வீட்டுப் பூட்டை உடைத்து, அரிசி டப்பாவரை கொட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"கோதண்டம் வூட்ட வுட்டா வேற எங்க போவாரு?" என்று நேற்றுத்தான் மகிழினி கேட்டாள். லீவு நாட்களில் அவர் இந்த நூலகத்துக்கு வந்து, ஆசைக்காகப் புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு புத்தகத்தை ஒளிக்க, பதினெட்டாயிரம் புத்தகம் இருக்கும் இடத்தைவிட நல்ல இடம் எது?

காலையில் வந்ததும் மருந்துச் சீட்டைப் பரசுராமனிடம் காட்டினாள். "அவர் எழுத்துதான்" என்று சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்த அறைக்கு அழைத்துவந்தார். பட்டியல் பார்க்கும் கம்ப்யூட்டர் கடைசிச் சுவரோரம் இருந்தது.

அதில்தான் இத்தனை நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு கட்டம். பக்கத்தில் எதை வைத்துத் தேடுவது என்று கேட்கும் இன்னொரு கட்டம். அதில் எல்லாம் இங்கிலீஷ். டைட்டில் என்று வைத்துப் பகலவன் என்று அடித்தார்கள், ஒன்பது புத்தகம். ஒன்பதையும் ரேக்கில் இருந்து எடுத்து உதறியாயிற்று. ஆத்தர் என்று வைத்து அடித்தார்கள். அந்தப் புனைபெயரில் நாலு கவிஞர்கள். உதறியாயிற்று. கீவேர்டு என்று வைத்தார்கள். முந்நூற்று நாற்பத்தேழு.

"இன்னாக்கா அநியாயம் இது? ஊர்ல கீற கவிஞன்லாம் சூரியன்னு எழுதாம பகலவன்னு எழுதி நம்ம உசுர எடுக்குறான்" என்றான் ஜாபர். "முந்நூறு புஸ்தகத்தையும் உதறுனா கோர்ட்டுக்குப் போமுடியாது, ஆஸ்துமா ஆஸ்பத்திரிக்குத்தான் போணும்."

மகிழினி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரேக் பக்கம் நடந்தாள். ஜாபர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'சூரியன்' என்று அடித்துப் பார்த்தான். ஐந்நூற்றுச் சொச்சம் வந்தது. அவளிடம் சொன்னால் திட்டுவாள் என்று சத்தமில்லாமல் அழித்துவிட்டான்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பரசுராமன் வந்து நின்றார். ஒல்லியான மனிதர். முகத்தில் அத்தனை கவலை.

"மன்னிச்சிடுங்க மேடம். சாவிய வாட்ச்மேன் எடுத்துக்கினு போயிட்டான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். நானும் இன்னா பண்றதுன்னு தெரியாம நிக்கறேன்."

"பரவால்லங்க. எங்க போன் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"அந்த டிராயர் சாவியும் அதே கொத்துல கீது." உதட்டைப் பிதுக்கினார். "நீங்க வேற வழியா தேடிப் பாருங்க. சூரியன்னு போட்டா ஐந்நூறு வரும், ஒண்ணும் தேறாது. கோதண்டம் கெட்டிக்காரரு. எங்கனா பொடி வச்சிருப்பாரு."

அவர் போய்விட்டார். மகிழினி மெதுவாகத் திரும்பி வந்தாள். மேசைமேல் இருந்த துண்டுத்தாளில் எழுதி ஜாபர் பக்கம் தள்ளினாள்.

'சூரியன் என்று நீ அடித்தாயா?'

ஜாபர் குற்றவாளி மாதிரி தலையாட்டினான்.

'அவரிடம் சொன்னாயா?'

இல்லை என்று ஆட்டும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. கதவிலிருந்து கம்ப்யூட்டர் முப்பதடி தூரம். திரை சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. மகிழினிக்கே தெரியாத சூரியன் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

'இங்கே தெரிவதெல்லாம் கவுன்டர் கம்ப்யூட்டரிலும் தெரிகிறது' என்று எழுதினாள். 'அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்மை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.'

ஜாபருக்கு ரேக்குகள் ஒரு அடி கிட்டே வந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரையும் நாலு மணிவரை இப்படியே வைத்திருந்தாலும் கம்பெனிக்காரர்களுக்கு லாபம், கண்டுபிடித்துக் கொடுத்தாலும் அவர்களுக்குத்தான் லாபம். எழுந்து போய்க் கதவுக் கம்பியைப் பிடித்து உலுக்க வேண்டும்போலக் கை பரபரத்தது. அதை அடக்க மவுஸைப் பிடித்துக்கொண்டான்.

"டைட்டில், ஆத்தர், சப்ஜெக்ட், கீவேர்டு... இங்கிலீஷ்ல போட்டு ஏன்டா சாவடிக்கிறீங்க?" என்று முனகிக்கொண்டே, திரையின் மூலையில் 'அ' என்று இருந்த சின்னப் பொத்தானை எரிச்சலோடு அழுத்தினான்.

திரை ஒரு தடவை சிமிட்டியது. எல்லாம் தமிழுக்கு மாறியது.

தலைப்பு. ஆசிரியர். பொருள். எல்லாச் சொற்களும்.

ஜாபர் அதைப் படித்தான். மறுபடியும் படித்தான். வாயைத் திறப்பதற்குள் மகிழினியின் கை அவன் தோளை இறுக்கியது. அடுத்த நொடி அவளே அந்தப் பொத்தானை அழுத்தி இங்கிலீஷுக்குத் திருப்பிவிட்டு, "தண்ணி தாகமா கீது ஜாபர், அந்தப் பக்கம் ஃபேன் ஓடுதான்னு பாக்கலாம் வா" என்று உரக்கச் சொன்னாள்.

ரேக்குகளுக்குப் பின்னால் போனதும் அவன் காதருகே கிசுகிசுத்தாள்.

"வரலட்சுமி பொருள்னா சாமான்னு நெனச்சா. நான் பொருள்னா அர்த்தம்னு நெனச்சு காலைலேர்ந்து அந்த வார்த்தை பின்னாடியே அலைஞ்சேன். கோதண்டம் பட்டியல் போடற மனுஷன், பரசுராமன் அந்த வேலையத் தொட்டதே இல்ல. அவருக்குப் பொருள்னா ஒண்ணுதான். தலைப்புன்னா புஸ்தகத்தோட பேரு, ஆசிரியர்னா எழுதுனவன், பொருள்னா எதைப் பத்தின புஸ்தகம்ங்கிறது."

"அது கீவேர்டுலயே வந்திருக்காதா? எல்லாத்தையும் தேடுது இல்ல அது?"

"வந்திருக்கும். அந்த முந்நூத்தி நாப்பத்தேழுல ஒண்ணா எங்கேயோ கெடந்திருக்கும். நாம தலைப்பை மட்டும்தானே பாத்தோம்? ஆனா பொருள்னு தேடுனா கதையே வேற. சூரியனைப் பத்தின புஸ்தகம் நூறு இருந்தாலும் பொருள்ங்கிற எடத்துல சூரியன்னு ஒரே வார்த்தைதான் போடணும், அதான் அவங்க சட்டம். பகலவன், கதிரவன்னு ஆளுக்கு ஒண்ணு போட மாட்டாங்க. அப்போ பொருள்ல பகலவன்னு தேடுனா..."

"கவிஞன்லாம் காலி. நம்மாளு மட்டும்தான் வருவான்." ஜாபருக்கு மூச்சு லேசாயிற்று. "வா, போய் அடிச்சிடலாம்."

"அடிச்சா அவருக்கும் வரும். ரேக் நம்பரோட."

ஜாபர் உட்கார்ந்துவிட்டான். கிடைத்தும் தொட முடியவில்லை. "பேஜாரா கீதே அக்கா."

மகிழினி நிமிர்ந்து ரேக்குகளின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ரேக்கின் மேல்தட்டில், கூரைக்கு இரண்டடி கீழே, தடித்தடியாக அகராதிகள் வரிசையாக இருந்தன.

"பொருள்னா அர்த்தம்னு நான் நெனச்சேன் இல்ல?" என்றாள். "அதையே அவரும் நெனைக்கட்டும்."

இருவரும் கம்ப்யூட்டருக்குத் திரும்பினார்கள். மகிழினி டைட்டில் என்று வைத்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் அந்தப் பக்கம் தெரியும்படி 'அகராதி' என்று அடித்தாள். பதினாறு புத்தகம். கடைசி ரேக், மேல்தட்டு.

"ஜாபர்!" என்று கத்தினாள். "பகலவனுக்குப் பொருள் எங்க பாக்கணும்? அகராதியில! அதுக்குள்ளதான் வச்சிருக்காரு!"

"யம்மா, மூளைன்னா இதாண்டா மூளை!" ஜாபர் மேசையில் ஒரு குத்து விட்டான். தடதடவென்று கடைசி ரேக்குக்கு ஓடினான். எம்பிக் குதித்தான், சத்தமாக. "எட்டல அக்கா! ஏணி வெளிய கவுன்டர்கிட்ட கீது!"

அவன் பத்து எண்ணுவதற்குள் கதவருகே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"மேடம், சாவி என் டிராயர்லயே இருந்திருக்கு பாருங்க!" பரசுராமன் தோளில் ஏணியுடன் உள்ளே வந்தார். அவசரத்தில் சாவிக்கொத்தைப் பூட்டிலேயே விட்டிருந்தார். ஜாபரின் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. அப்படியே வெளியே பாய்ந்து ஓடிவிடலாம். கால்கள் கிளம்பியும்விட்டன. மகிழினி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"குடு நைனா, நான் ஏர்றேன்."

"வேணாம் வேணாம், ஒரே தூசி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" பரசுராமன் ஏணியைச் சாத்தி விறுவிறுவென்று ஏறினார். முதல் அகராதியைப் பிரித்தார். இரண்டாவது.

"செவுத்தோரமா பாரு. ரெண்டாவது வரிசை ஒண்ணு கீது பாரு உள்ள" என்றான் ஜாபர், ஏணியை அக்கறையாகப் பிடித்தபடி.

அவர் ஒரு முழங்காலை ரேக்கின்மேல் ஊன்றினார். பிறகு அடுத்ததை. அகராதிகளுக்கு நடுவே முழுதாக ஏறி, சுவர்ப்பக்கம் கையை விட்டார்.

ஜாபர் ஏணியை எடுத்துத் தரையில் படுக்கவைத்தான்.

"சார்! இன்னா பண்றீங்க?" பரசுராமன் அலறினார்.

"பயப்படாத நைனா. சாத்தாங்காட்டு மார்க்கெட்டு இரும்பு ரேக்கு இது. உன்ன மாதிரி பத்து பேரைத் தாங்கும்."

மகிழினி அதற்குள் கம்ப்யூட்டர் முன் இருந்தாள். பொருள். பகலவன்.

ஒரே ஒரு புத்தகம்.

'சாக்கு மூட்டை தைக்கும் முறைகள் – இரண்டாம் பாகம்.' ரேக் பதினொன்று, கீழ்த்தட்டு.

"மொத பாகத்தையே எவனும் படிச்சிருக்க மாட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜாபர் குப்புறப் படுத்துக் கையை விட்டான். பழுப்பு ரெக்சின் அட்டை. பிரித்தால் உள்ளே நீளக் கோடு போட்ட ஷிஃப்ட் ரிஜிஸ்டர். மகிழினி வேகவேகமாகப் புரட்டினாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. ஜாபர் எட்டிப் பார்த்துப் படித்தான். "வால்வு எண் ஏழு. முழுதாக மூடினாலும் கசிகிறது. மாற்ற வேண்டும். பகலவன்." பக்கத்தில் மேனேஜரின் கையெழுத்து. நாலு நாள் கழித்து மறுபடி அதே வரி. மூன்றாவது, விபத்துக்கு முந்தின நாள். அதில் எழுத்துகள் பெரிதாக, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமாக இருந்தன.

ஹாரன் சத்தம் சற்று ஓய்ந்தபோது, கீழே கார்க் கதவு இரண்டு தடவை அறைந்து சாத்திய சத்தம் கேட்டது.

"அது கம்பெனி ஆளுங்க" என்றார் மேலே இருந்து பரசுராமன். முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரலில் பணிவு போய்விட்டது. வெற்றியும் இல்லை, வெறும் களைப்புதான். "நீங்க அகராதின்னு அடிச்சதும் போன் போட்டுட்டேன். கீழ கேட்டாண்டதான் காத்துகினு இருந்தாங்க. மாடிப்படி ஒண்ணுதான். இப்ப எங்க போவீங்க?"

ஜாபர் கதவைப் பார்த்தான். கதவு திறந்திருந்தது. ஆனாலும் அவனுக்கு அந்தக் கன்டெய்னரின் இருட்டு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கீழ்ப்படியில் பூட்ஸ் சத்தம். யாரோ செல்போனில் பேசியபடி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓடிவிட மாட்டார்கள் என்று தெரிந்தவர்களின் நிதானம்.

மகிழினி ரேக்கின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னா குடுக்கறேன்னாங்க?"

பரசுராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. எப்படியும் நாங்க மாட்டிக்கினோம்."

"என் பையனுக்கு வேலை" என்றார் அவர். "கருணாகரன்னு பேரு. டிப்ளமோ முடிச்சு நாலு வருஷமா கொரியர் பை தூக்கறான். திங்கக்கெழம ஆர்டர் குடுக்கறேன்னாங்க. கெட்டவன்னு நெனச்சுக்கோங்க. எனக்கு வேற வழி தெரியல."

"எந்த வேலை?"

"வால்வு ஆபரேட்டர்."

ஜாபருக்குச் சுரீர் என்றது.

"பகலவன் பாத்த வேலை" என்றாள் மகிழினி. "அதே எடம், அதே ஏழாம் நம்பர்."

"அத மாத்தியிருப்பாங்க இவ்ளோ நாள்ல."

"வால்வு நல்லாத்தான் இருந்துச்சு, ஆளுமேலதான் தப்புன்னு ஒன்பது மாசமா கோர்ட்டுல சொல்லிக்கினு இருக்காங்க. நல்லா இருக்கிற வால்வை எவனாவது மாத்துவானா? மாத்துனா, கெட்டுப்போச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் இல்ல?" ரிஜிஸ்டரைப் பிரித்து, அவருக்குத் தெரியும்படி தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். "படிங்க. திங்கக்கெழம உங்க பையன் இதுகிட்டதான் போய் நிக்கப் போறான்."

பரசுராமன் குனிந்து படித்தார். உதடு அசைந்தது. மூன்று வரியையும் படித்தார். பூட்ஸ் சத்தம் மாடித் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

"ஏணியப் போடுங்க" என்றார்.

ஜாபர் மகிழினியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். போட்டான்.

இறங்கியதும் அவர் கதவுக்கு ஓடிச் சாவிக்கொத்தை உருவி, அதிலிருந்து ஒரு சின்னச் சாவியைக் கழற்றி ஜாபர் கையில் திணித்தார். "கவுன்டருக்குப் பின்னால பைண்டிங் ரூம். அதுல இரும்புச் சுத்துப்படி கீது, சந்துல போய் எறங்கும். போன் மேசைமேலயே கீது. போங்க!"

பைண்டிங் அறையின் கதவைச் சாத்தும்போது ஜாபருக்குப் பின்னால் பரசுராமனின் பழைய பணிவுக் குரல் கேட்டது. "வாங்க சார், வாங்க. உள்ளதான் இருக்காங்க. கடைசி ரேக்கு."

ஜாபர் பைக்கை ஓட்டிய ஓட்டத்தைத் தண்டையார்பேட்டையில் இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேசுவார்கள். லாரிகளுக்கு நடுவே கிடைத்த ஒரு முழ இடுக்கிலெல்லாம் நுழைந்தான். திறந்த காற்று முகத்தில் அடித்தது. அவன் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ரிஜிஸ்டர் நீதிபதியின் மேசையில் இருந்தது.

நிர்வாகத்தின் வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒன்பது மாதம் கழித்து, கடைசி நாளில், கடைசி எட்டு நிமிடத்தில் ஒரு நோட்டு வருகிறது. இது நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியதில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? இதை ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படுபவர் உயிரோடு இல்லை. கண்டெடுத்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி அமர்த்திய ஆட்கள்.

நீதிபதி மகிழினியைப் பார்த்தார். "பதில் இருக்கா அம்மா?"

மகிழினி மேசைமேல் இருந்த ரிஜிஸ்டரையே பார்த்தாள். ஜாபர் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததே கிடையாது. கூண்டில் போலீசுக்கு நடுவே நின்றிருந்த பகலவன் தலையைக் குனிந்துகொண்டான். முன் பெஞ்சில் வரலட்சுமி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வக்கீல் ஒருவர் எழுந்து ஏதோ பேச, இன்னொருவர் மறுக்க, சுவர்க் கடிகாரத்தின் முள் நாலைத் தாண்டியது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஐயா!"

வாசலில் பரசுராமன். சட்டையெல்லாம் அகராதித் தூசி. கையில் ஒரு தாள். ஆட்டோவுக்கும் காத்திராமல் பாதி தூரம் ஓடியே வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது.

"நான் அந்த நூலகத்தோட நூலகர். ஒவ்வொரு புஸ்தகத்தையும் எந்தத் தேதியில பட்டியல்ல ஏத்துனாங்கன்னு கம்ப்யூட்டர் தானா குறிச்சுக்கும். அத யாரும் மாத்த முடியாது. இது விபத்து நடந்த மறுநாள், காலை பத்து நாப்பதுக்கு கோதண்டம் ஏத்துனது. அன்னிக்குப் பகலவன் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தாரு."

நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார். உட்கார்ந்தார்.

நீதிபதி தாளை வாங்கிப் படித்தார். ரிஜிஸ்டரோடு சேர்த்து வைத்தார். "சாட்சிக் கூண்டுக்கு வாங்க" என்றார். "நீங்க சொல்றது உங்க வேலைக்கு உலை வைக்கலாம். தெரியுமா?"

"தெரியும் ஐயா. இன்னும் சொல்ல வேண்டியது கீது. இவங்க ரெண்டு பேரையும் இன்னிக்குப் பூட்டி வச்சதே நான்தான். யாரு சொல்லி வச்சேன்னும் சொல்றேன்."

அரை மணி நேரம் அவர் பேசியதை எழுத்தர் எழுதினார். நீதிபதி ரிஜிஸ்டரை ஆவணமாக ஏற்றுக்கொண்டு, பகலவனை அன்றைக்கே ஜாமீனில் விடச் சொன்னார். மேனேஜருக்குச் சம்மன். நூலகத்தில் பரசுராமன் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்த கம்பெனி ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவர ஒரு போலீஸ் ஜீப் ராயபுரத்துக்குப் போயிற்று.

வராந்தாவில் வரலட்சுமி கணவனின் கையைப் பிடித்தபடியே நின்றாள். அவன் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களையெல்லாம் மற்ற கையால் வாங்கிக்கொண்டாள். பகலவன் மெலிந்து, தாடியுமாக இருந்தான். தூரத்தில் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த பரசுராமனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கா அவரு? எனக்குப் பழக்கமே இல்ல. எனக்காக ஏன் வந்தாரு?"

மகிழினி ஜாபரைப் பார்த்தாள். எப்போதும் முந்திக்கொள்ளும் ஜாபர் அவளையே சொல்லும்படி கையைக் காட்டினான். அவளே சொன்னாள்.

"உன் எடத்துக்கு ஒரு பையன எடுத்திருக்காங்க. அவனோட அப்பா."

பகலவன் சட்டென்று மனைவியின் கையை விட்டான். "ஏழாம் நம்பர்கிட்டயா? வாணாம்க்கா, உடனே போன் போட்டு அந்தப் பையன நிறுத்தச் சொல்லுங்க!"

பரசுராமன் அதைக் கேட்டு நிமிர்ந்தார். சட்டைப் பையைத் துழாவினார். அவசரத்தில் போனை நூலகத்திலேயே விட்டு வந்திருந்தார். ஜாபர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் செல்போனை எடுத்து நீட்டினான்.

"நம்பரச் சொல்லு நைனா" என்றான்.